ஒட்டு விட்டது வெயிலாலா, வேலையாலா?

இந்தப் பத்தியில் வழமையாகக் காசோலை, கடன், கடை வாடகை, வரி போன்ற விடயங்களையே எழுதி வருகிறேன். இம்முறை பசையைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றி வாழும் வியாபாரிகளில் கணிசமானோர் ஏதோ ஒரு வகையில் ஒட்டும் தொழிலோடு தொடர்புடையவர்கள். கிண்ணியாவிலும் மூதூரிலும் பைபர் படகு கட்டுபவர்கள், அதைப் பழுதுபார்ப்பவர்கள், அவர்களுக்கு றெசினும் பைபர் மெட்டும் விற்பவர்கள், தளபாடம் செய்பவர்கள், தண்ணீர்த் தாங்கி பொருத்துபவர்கள் என்று பட்டியல் நீளும். நான் விற்கும் பக்கத்தில் நிற்பவன்.

ஒட்டு விட்டுவிட்டால் எங்கள் கடைத்தெருவில் எழும் வழக்கு எல்லோருக்கும் தெரிந்ததே. படகின் எஞ்சின் பூட்டும் பின்பலகை ஒரு வருடத்தில் கழன்று வருகிறது. படகுக்காரர் கட்டியவரைக் கேட்கிறார். கட்டியவர் றெசின் சரியில்லை என்று கடைக்கு அனுப்புகிறார். கடைக்காரர் கொழும்பு இறக்குமதியாளரைக் காட்டுகிறார். கடைசியில் எல்லோருமாகச் சேர்ந்து ஒரு சமாதானத்துக்கு வருகிறார்கள்: "நம்மட வெயிலுக்கும் உப்புக் காற்றுக்கும் எதுதான் தாக்குப் பிடிக்கும்?" வெயிலும் காற்றும் வாய் திறந்து மறுக்கப் போவதில்லை என்பதால் வழக்கு அத்துடன் முடிகிறது. நட்டம் படகுக்காரருடையது. நடுக்கடலில் கழன்றால் நட்டம் பணத்தோடு நிற்பதுமில்லை.

இதே வழக்கு, இதே காலநிலையை முன்வைத்து, மிகப் பெரிய அளவில் ஒரு முறை நடந்திருக்கிறது. அதில் சம்பந்தப்பட்ட பொருள் விமானம். அந்த விமானம் எங்கள் சீனக்குடாவிலும் இறங்கி ஏறியது.

1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியதை மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதற்குப் பின்னரும் பிரித்தானியர் சீனக்குடா விமானத் தளத்தை விட்டுவிடவில்லை. 1944 இல் றோயல் விமானப்படையின் 684 ஆம் படையணியிலிருந்து ஒரு பிரிவு இங்கு வந்து தங்கி, நிக்கோபார் தீவுகளையும் சுமாத்திராவையும் வானிலிருந்து படம் பிடித்து வந்தது. அவர்கள் பயன்படுத்திய விமானத்தின் பெயர் மொஸ்கிட்டோ. பிரித்தானிய டி ஹவிலண்ட் நிறுவனத்தின் தயாரிப்பு. எல்லா நாடுகளிலும் சேர்த்து 7,781 விமானங்கள் கட்டப்பட்டன.

மொஸ்கிட்டோ மரத்தால் ஆனது. உடற்பகுதியில் நடுவே பாரமற்ற பால்சா மரம், அதன் இருபுறமும் பேர்ச் மரத்தின் மெல்லிய ப்ளைவூட். மூன்றையும் பசையால் ஒன்றாக்கி அச்சின் மேல் வளைத்தெடுத்தார்கள். உடல் இரண்டு பாதிகளாகச் செய்யப்பட்டு, உள்ளே வயர்களும் குழாய்களும் பொருத்திய பின் ஒட்டி மூடப்பட்டது. இன்று கொம்போசிட் என்று சொல்லப்படுவதும் இதே ஏற்பாடுதான். பால்சாவின் இடத்தில் தேன்கூடு போன்ற உள்ளீடும், ப்ளைவூட்டின் இடத்தில் கார்பன் இழையும் வந்திருக்கின்றன. புடவை வியாபாரிகளுக்காக ஒரு செய்தி: மரத்தின் மேல் ஒட்டிப் பூச்சுப் பூசப்பட்ட பருத்தித் துணிக்கு மடபோலம் என்று பெயர். ஆந்திராவில் நரசாபுரத்துக்கு அருகே ஆங்கிலேயக் கம்பனியின் பண்டகசாலை இருந்த ஊரின் பெயர் அது.

எங்களைப் போன்றவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. இந்த விமானத்தின் பாகங்களை நூற்றுக்கணக்கான சிறு தொழிலகங்கள் செய்து கொடுத்தன. அவர்களில் பலர் அதற்கு முன் கதிரையும் அலுமாரியும் செய்த தளபாடத் தொழிலாளர்கள். கதிரையின் ஒட்டு விட்டால் ஒருவர் விழுவார், அவ்வளவுதான். அந்தக் கைகளுக்கு இப்போது மணிக்கு 600 கிலோமீற்றர் வேகத்தில் பறக்கும் பொருளின் இறக்கை வந்து சேர்ந்தது.

ஆரம்பத்தில் பயன்படுத்தியது பாலிலிருந்து எடுக்கும் கேசீன் பசை. ஈரத்தில் அது பலவீனப்படும், பூஞ்சணமும் பிடிக்கும். பின்னர் யூரியா போர்மல்டிஹைட் என்ற செயற்கைப் பசைக்கு மாறினார்கள். டக்ஸ்போர்டில் நோர்மன் டி புருயின் என்பவர் நடத்திய நிறுவனத்தின் ஏரோலைட் அதில் ஒன்று. ஒரு மரத்தில் பசையையும் மற்ற மரத்தில் அமிலக் கடினப்படுத்தியையும் பூசி, இரண்டையும் சேர்த்து இறுக்க வேண்டும். ஈரத்துக்கு நன்கு தாங்கும். ஆனால் இரண்டு முகங்களும் நன்றாகப் பொருந்தி இருக்க வேண்டும், அமுக்கம் எல்லா இடத்திலும் விழ வேண்டும். இடைவெளி இருந்தால் அந்த இடத்தில் பசை இருக்கும், பலம் இருக்காது.

1944 ஒக்டோபரிலும் நவம்பரிலும் இந்தியாவில் பறந்த மொஸ்கிட்டோக்களில் சில வானிலேயே உடைந்து விழுந்தன. விமானிகள் இறந்தார்கள். நவம்பரில் இப்பகுதியிலிருந்த மொஸ்கிட்டோக்கள் தரையில் நிறுத்தப்பட்டன. சோதித்துப் பார்த்தபோது இறக்கையின் மேற்தோல், உள்ளே இருக்கும் முதன்மைச் சட்டத்திலிருந்து எழும்பி நின்றது.

எல்லோருக்கும் உடனே தோன்றிய காரணம் காலநிலைதான். ஐரோப்பாவில் செய்த மர விமானத்தை வங்காளத்து வெயிலிலும் மழையிலும் வைத்தால் வேறென்ன நடக்கும்? விசாரிக்க வந்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் மேஜர் ஹெரவார்ட் டி ஹவிலண்ட். நிறுவன ஸ்தாபகரின் சகோதரர். விற்றவரின் வீட்டு ஆளே விசாரணைக்கு வந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் அவர் கொடுத்த அறிக்கை, பசை கெடவில்லை, மழைக்காலத்தில் மரம் சுருங்கியதுதான் காரணம் என்றது.

அதற்குப் பிறகு நடந்த விசாரணைகள் வேறு கதை சொல்லின. இங்கிலாந்தில் டெபர்ட் என்ற இடத்தில் விமான உற்பத்தி அமைச்சின் குழு ஒன்று, மழைக்காலத்தையோ கறையானையோ கண்டிராத மொஸ்கிட்டோக்களைப் பிரித்துப் பார்த்தது. அவற்றிலும் இதே குறைகள் இருந்தன. ஹட்பீல்ட், லீவ்ஸ்டன் ஆகிய இரண்டு தொழிற்சாலைகளில் கட்டப்பட்டவை அவை. பசையிடும் வேலையின் தரம் போதாது என்று அக்குழு முடிவு கண்டது. ஆனாலும் விமானத்தின் மீதான நம்பிக்கை குலையக்கூடாது என்பதற்காக, பெரும்பாலும் காலநிலைதான் காரணம் என்ற முதல் விளக்கத்தையே விமான அமைச்சு வெளியில் சொல்லி வந்தது. இறக்கையின் தோல் பொருத்து நீளத்துக்கும் ஒரு ப்ளைவூட் பட்டியை ஒட்டி, நீர் கசிவதைத் தடுத்துத் தொடர்ந்து பறந்தார்கள்.

காலநிலைக்கு இதில் பங்கே இல்லை என்று நான் வாதிடவில்லை. நல்ல ஒட்டையும் கெட்ட ஒட்டையும் ஒரே வெயிலில் வைத்தால் கெட்டது முதலில் விடும், அவ்வளவுதான். வெயில் குறையைக் காட்டிக் கொடுக்கிறது. குறை பிறந்த இடம் வேலைத்தளம்.

வேலை முடிந்தபின் அதைச் சோதித்துக் கண்டுபிடிக்க முடியாதா என்று கேட்பீர்கள். இந்தத் தொழிலின் சிக்கலே இங்குதான் இருக்கிறது. ஆணி அடித்தால் ஆணியைப் பார்க்கலாம். வெல்டிங் செய்தால் எக்ஸ்ரே எடுக்கலாம். ஒட்டின் பலத்தை அதை உடைக்காமல் அளக்க நம்பகமான கருவி இன்றுவரை இல்லை. அல்ட்ராசவுண்ட் கருவி உள்ளே காற்றிடைவெளி இருந்தால் சொல்லும். பசை முழுவதும் பரவி, இரண்டு முகங்களையும் தொட்டுக்கொண்டு, ஆனால் பிடிக்காமல் இருந்தால் அந்தக் கருவிக்கும் அது நல்ல ஒட்டாகத்தான் தெரியும். இதனால்தான் அமெரிக்க விமான அதிகாரசபை, உடைந்தால் விமானமே போய்விடும் என்ற இடத்தில் ஒட்டை மட்டும் நம்ப விடுவதில்லை. ஒன்றில் ஒட்டு பரவலாக விடாதபடி இடையிடையே வேறு தடுப்பு இருக்க வேண்டும், அல்லது ஒவ்வொரு பாகத்தையும் சுமை ஏற்றிச் சோதிக்க வேண்டும், அல்லது பலத்தை உறுதியாகக் காட்டும் சோதனை முறை ஒன்றைக் காட்ட வேண்டும். மூன்றாவது நடைமுறையில் கிடையாது. ஆகவே ஒட்டியதன் மேல் ஆணியும் அடிக்கிறார்கள். பொறியியலாளர்கள் அதைப் பயந்தாங்கொள்ளி ஆணி என்று கேலியாகச் சொல்வதுண்டு. எடையில் ஏறத்தாழப் பாதி கொம்போசிட்டாக இருக்கும் போயிங் 787 வந்த பின்னரும் அந்தப் பயம் தீரவில்லை.

பின்னால் பார்க்க முடியாததை முன்னால் கட்டுப்படுத்த வேண்டும். விமானத் தொழிற்சாலைகளில் ஒட்டும் அறைக்குள் நடப்பது முழுவதும் இதுதான். மாறக்கூடிய விடயங்கள் எவை என்று எழுதி வைத்து, ஒவ்வொன்றையும் ஒரு எல்லைக்குள் பிடித்து, பிடித்ததைப் பதிந்து வைக்கிறார்கள்.

முதலாவது மேற்பரப்பு. பசையின் பலத்தைவிட அது தொடும் முகம் முக்கியம். அச்சிலிருந்து கழற்றுவதற்குப் பூசும் மெழுகு, சிலிக்கோன், கை எண்ணெய், கொம்பிரசர் காற்றோடு வரும் எண்ணெய்த் துளி, இவற்றில் எது இருந்தாலும் பசை அழுக்கைத்தான் பிடிக்கும். கொம்போசிட் பாகத்தின் மேல் ஒரு துணியை வைத்தே வார்த்து, ஒட்டுவதற்குச் சற்று முன் அதை உரித்தெடுப்பார்கள். அதற்குப் பிறகும் உரசுவார்கள். கரைப்பானில் நனைத்த துணியால் துடைத்து, அது காய்வதற்கு முன்னரே உலர்ந்த துணியால் ஒற்றி எடுப்பார்கள். காய விட்டால் கரைந்த அழுக்கு அதே இடத்தில் திரும்பப் படியும். எங்கள் வேலைத்தளங்களில் அசிற்றோனைத் துணியில் ஊற்றி நாலு பக்கமும் தேய்த்துவிட்டுப் போய்த் தேநீர் குடித்துவிட்டு வருகிறார்கள். அது துப்பரவு செய்ததாகாது, அழுக்கைச் சமமாகப் பங்கிட்டதாகத்தான் ஆகும்.

இரண்டாவது ஈரம். இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனெனில் எங்கள் ஊருக்கு இதுதான் பெரிய எதிரி.

1988 ஏப்ரல் 28 ஆம் திகதி ஹவாய்த் தீவுகளில் அலோஹா நிறுவனத்தின் போயிங் 737 விமானம் ஒன்று பறந்துகொண்டிருக்கையில் அதன் கூரையில் ஏறத்தாழ ஐந்தரை மீற்றர் நீளம் பிய்த்துக்கொண்டு போனது. விமானப் பணிப்பெண் ஒருவர் வெளியே இழுக்கப்பட்டு இறந்தார். 95 பேர் இருந்த அந்த விமானத்தை விமானிகள் மௌயி தீவில் இறக்கினார்கள். அது 1969 இல் கட்டப்பட்ட அலுமினிய விமானம். தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்தில் எபொக்சி தோய்த்த துணியை வைத்து ஒட்டி, மேலே ஆணியும் அடித்திருந்தார்கள். அந்தப் பசைத் துணியைக் குளிரூட்டியில் வைக்க வேண்டும். வெளியே எடுத்ததும் அதன் மேல் வியர்த்து நீர் படியும். நீரோடு ஒட்டினால் பிடிப்புக் குறைவு. அதிக நேரம் வெளியில் இருந்தால் ஒட்டுவதற்கு முன்பே இறுகத் தொடங்கும். போயிங் நிறுவனம் 1972 இல் இந்த முறையைக் கைவிட்டது. ஆனால் அதற்குள் கட்டிய விமானங்கள் பறந்துகொண்டிருந்தன. ஒட்டு விட்ட இடத்தில் சுமை முழுவதும் ஆணித் துவாரங்களுக்குப் போனது. தீவுக்குத் தீவு சிறு பயணமாக ஏறி இறங்கி 89,680 பயணங்களை முடித்திருந்த அந்த விமானத்தில் துவாரத்துக்குத் துவாரம் வெடிப்பு ஓடிச் சேர்ந்தது. நிறுவனத்தின் பராமரிப்புப் பரிசோதனைகள் அதைப் பிடிக்கவில்லை. ஹவாயின் உப்புக் காற்றுக்கும் பங்குண்டு. ஆனால் அந்த உப்பு நுழைய வாசல் திறந்தது, பல வருடங்களுக்கு முன் ஒரு தொழிற்சாலையில் படிந்த வியர்வைத் துளிதான்.

இதை எங்கள் கடைக்குக் கொண்டு வருவோம். வெளியே 30 பாகை வெப்பம், ஈரப்பதன் 80 வீதம் என்றால், ஏறத்தாழ 26 பாகைக்குக் கீழே குளிர்ந்திருக்கும் எந்தப் பொருளின் மேலும் நீர் படியும். ஏசி அறையில் 22 பாகையில் வைத்திருந்த எபொக்சி டின்னை நேரே எடுத்துக்கொண்டு போய்க் கடற்கரையில் மூடியைத் திறந்தால் உள்ளே நீர் போகிறது. விமானத் தொழிற்சாலையில் பசையை உறைகுளிரில், பொதுவாகச் சைபருக்குக் கீழே 18 பாகையில் வைக்கிறார்கள். வெளியே எடுத்தால் பையை அவிழ்க்காமல் அறை வெப்பத்துக்கு வரும்வரை காத்திருப்பார்கள். எங்களுக்கும் அந்தக் காத்திருப்புப் போதும், செலவில்லை.

மாரி காலத்தில், ஒக்டோபர் முதல் ஜனவரி வரை, அதிகாலையில் படகின் மேல் கையை வைத்துப் பாருங்கள். ஈரம் தெரியாது. ஆனால் பைபர் மெட் ஈரத்தைக் குடித்திருக்கும். பழைய படகுகளின் பைபரும், அதனுள் இருக்கும் பலகையும் குடித்திருக்கும். உலராமல் அதன்மேல் ஒட்டுப் போட்டால் ஆறு மாதத்தில் தகடாக உரிந்து வரும். எபொக்சியில் இன்னொரு தொல்லை: ஈரக் காற்றில் இறுகும்போது அதன் மேல் மெழுகு போன்ற ஒரு படலம் எழும்பும். அதைத் தண்ணீரால் கழுவி உரசாமல் அடுத்த பூச்சைப் போடக்கூடாது. ஈரப்பதன் காட்டும் சிறு கருவி பெரிய விலையில்லை. ஒரு வேலைத்தளத்தில் சுவரில் அது தொங்குவதைக் கண்டால் அந்த முதலாளிக்கு நான் தயங்காமல் கடன் கொடுப்பேன்.

மூன்றாவது கலவை. இங்கு எங்கள் வாடிக்கையாளர்களிடம் ஒரு பெரிய குழப்பம் இருக்கிறது. படகுக்குப் பயன்படுத்தும் பொலியெஸ்டர் றெசினுக்கு ஊற்றும் கற்றலிஸ்ட், கிலோவுக்கு 10 முதல் 20 கிராம் வரை. கச்சான் அடிக்கும் ஆடி மாத மதியத்தில் குறைத்தும், மாரிக் காலையில் கூட்டியும் ஊற்றலாம். கூட்டினால் விரைவாக இறுகும். இதே பழக்கத்தை எபொக்சியிலும் செய்கிறார்கள். அங்கே ஹார்ட்னர் என்பது தூண்டுவதற்கு ஊற்றும் துளியல்ல, பசையின் மறுபாதி. சொன்ன விகிதத்துக்கு மேல் ஊற்றினால் விரைவாக இறுகாது, மிஞ்சிய ஹார்ட்னர் உள்ளேயே கிடந்து ஒட்டை மென்மையாக்கும். கண்ணால் அளக்கும் வேலை இதில் செல்லாது, தராசு வேண்டும். இன்னொரு எச்சரிக்கை: கற்றலிஸ்டையும் கோபால்ட் எனப்படும் துரிதப்படுத்தியையும் ஒரே இராக்கையில் வைக்கும் கடைகளைப் பார்க்கிறேன். இரண்டும் நேரடியாகக் கலந்தால் வெடிக்கும். தயவுசெய்து இன்றைக்கே பிரித்து வையுங்கள்.

வயதும் இதில் சேரும். பொலியெஸ்டர் றெசின் குளிர்ந்த நிழலில் சில மாதங்கள் நிற்கும். தகரக் கூரைக்குக் கீழே கச்சான் காலத்தில் அந்தக் கணக்குச் செல்லாது. டின்னில் உற்பத்தித் திகதி பார்த்து, பழையதை முன்னே வைத்து விற்பது அரிசிக்கடைக்காரருக்குத் தெரிந்த வித்தை. நாங்களும் அதைச் செய்யலாம்.

பசையின் தடிப்பும் அமுக்கமும் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விமானத்தில் பசைப் படை மில்லிமீற்றரில் பத்தில் ஒன்று, இரண்டு என்ற அளவில்தான் இருக்கும். கிளாம்பை அதிகம் இறுக்கிப் பசையெல்லாம் வெளியே வழியவிடுவதும், இறுக்காமல் விடுவதும் ஒரே அளவு தவறு.

நேரத்தைத்தான் மறந்துவிடுகிறோம். பைபர் படகில் ஒரு படை இறுகி ஒரு நாளுக்குள் அடுத்த படையைப் போட்டால் இரண்டும் இரசாயன ரீதியாகவே சேரும். அதைத் தாண்டினால் முகம் இறுகிவிடும். மெழுகு சேர்த்த றெசின் என்றால் மேலே மெழுகும் எழும்பி நிற்கும். பிறகு உரசி முரடாக்கித்தான் ஒட்ட வேண்டும். வெள்ளிக்கிழமை மதியம் நிறுத்திய வேலையைத் திங்கட்கிழமை அப்படியே தொடர்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பின்பலகை கழன்ற படகுகள் கடைப்பக்கம் கொண்டுவரப்படும்போது நான் பார்த்தவற்றில் பல, பளபளப்பான முகத்தோடு சுத்தமாகப் பிரிந்தவை. அந்தப் பளபளப்பு உரசாமல் ஒட்டியதன் சாட்சி. வெயில் அப்படிப் பிரிக்காது.

இந்தச் சாட்சியைப் படகு கடலுக்குப் போகுமுன்பே வாங்கிக்கொள்ள ஒரு வழி உண்டு. விமானத் தொழிற்சாலைகளில் ஒவ்வொரு தொகுதி வேலையோடும் இரண்டு சிறு துண்டுகளை, அதே பசையால், அதே கையால், அதே நேரத்தில் ஒட்டி வைப்பார்கள். பாகத்தை உடைக்க முடியாது, துண்டை உடைக்கலாம். எங்களுக்கு இழுத்துப் பார்க்கும் இயந்திரம் தேவையில்லை. ஒரு சாண் நீளப் பைபர்த் துண்டு இரண்டை ஒட்டி, இறுகிய பின் உளியை வைத்துப் பிளந்து முகத்தைப் பாருங்கள். இழை கிழிந்து இரண்டு பக்கமும் மயிர் மயிராக நின்றால் நல்லது. பசை இரண்டு பக்கமும் பாதிபாதியாக ஒட்டியிருந்தால் பரவாயில்லை. ஒரு பக்கம் கண்ணாடி போல வெறுமையாக வந்தால், அன்று செய்த வேலை முழுவதையும் சந்தேகிக்க வேண்டும்.

2004 சுனாமிக்குப் பிறகு கிழக்குக் கரைக்குப் படகுகள் அவசர அவசரமாகக் கட்டிக் கொடுக்கப்பட்டன. எண்ணிக்கை கேட்டார்கள், எண்ணிக்கை கொடுக்கப்பட்டது. அவற்றில் தரமற்றவை பல இருந்ததை ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனமே சுட்டிக்காட்டியது. 2009 இல் திறந்த பைபர் படகு கட்டுவதற்கென்று அந்நிறுவனம் ஒரு கைநூலும் வெளியிட்டது. நல்ல நூல். அதில் சொல்லப்படும் வெப்பநிலை, ஈரம், கலவை, உரசல் எல்லாம் விமானத் தொழிற்சாலையின் ஏட்டில் இருப்பவைதான். எல்லைகள் மட்டும் சற்றுத் தளர்வானவை.

செலவைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: ஒரு தராசு, ஒரு ஈரப்பதன் கருவி, ஒரு கொப்பி. கொப்பியில் திகதி, நேரம், வெப்பம், ஈரப்பதன், றெசின் பெட்ச் நம்பர், கலந்த நிறை, வேலை செய்தவரின் பெயர், பிளந்த துண்டின் முகம் எப்படி இருந்தது என்பது. ஒரு வரி போதும். வழக்கு வரும் நாளில் கட்டியவருக்கும் விற்றவருக்கும் அந்த ஒரு வரிதான் பேசும். எங்கள் கடையில் கடந்த சில காலமாக றெசினுக்கான பற்றுச்சீட்டில் பெட்ச் நம்பரையும் உற்பத்தித் திகதியையும் சேர்த்து எழுதிக் கொடுக்கிறோம். ஆரம்பத்தில் இது எதற்கு என்று சிரித்தார்கள். இப்போது எழுத மறந்தால் மூதூர்ப் படகுக்காரர்கள் இருவர் நின்று கேட்டு வாங்கிக்கொண்டுதான் போகிறார்கள்.